நிலைத்த உணவுக் குழுவின் வெள்ளிக்கிழமைகள்

எங்கள் முகாமில் ஓடுகிறவர்கள் இருபது பேர். அந்த இருபது பேருக்கு என்ன சாப்பாடு போடுவது என்று யோசிக்கிறவர்கள் இருபத்திரண்டு பேர். இதைக் குறையாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். யோசிக்கவும் உடம்பில் தெம்பு வேண்டும் இல்லையா? அதனால்தான் அவர்கள் எங்களைவிட நன்றாகச் சாப்பிட்டார்கள்.

மொரோக்கோ மலையில், அஸ்ரூவுக்கு மேலே, தேவதாருக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது முகாம். நான் நஜ்லா, எண்ணூறு மீட்டர்க்காரி. என் நல்ல காலமெல்லாம் முடிந்தாயிற்று, பழக்கதோஷத்தில் ஓடிக்கொண்டிருக்கிறேன். என் அறையில் இருந்தவள் இட்டோ. கெனிஃப்ராவுக்கு அப்பால் மலையில் ஆடு மேய்க்கிற குடும்பத்துப் பெண். ஐயாயிரம் மீட்டர் ஓடுவாள். அவள் ஓடுவதைப் பார்த்தால், வீட்டிலிருந்து யாரோ அவசரமாகக் கூப்பிட்டு அனுப்பியதுபோல் இருக்கும்.

முந்தின வருஷம் ரபாத்தில் நடந்த தேர்வு ஓட்டத்தில் இட்டோ பாதியில் மயங்கி விழுந்தாள். ரத்தத்தில் சத்தில்லை என்றார்கள். இந்த வருஷம் மார்ச்சில் இன்னொரு தேர்வு. முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் நாட்டு அணி. வராவிட்டால் பையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான், அதற்கப்புறம் முகாம் வாசலைக்கூட மிதிக்க முடியாது. எழுத்தில் கொடுத்து அவளிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள்.

மயங்கி விழுந்த அவமானத்தில் அவளே தனக்கு ஒரு சாப்பாட்டு முறையைக் கண்டுபிடித்துக்கொண்டாள். கண்டுபிடித்தாள் என்பதே பெரிய வார்த்தை. காலையில் பார்லி ரொட்டி, ஆலிவ் எண்ணெய், ஒரு கிண்ணம் பிஸாரா. காய்ந்த மொச்சையைக் குழையக் குழைய வேகவைத்துச் சீரகம் தூவினால் அதுதான் பிஸாரா. மத்தியானம் மத்தி மீன், மோர். ஓடி முடித்ததும் அத்திப்பழம். வெள்ளிக்கிழமை எல்லா வீட்டையும்போல குஸ்குஸ், அதாவது ஆவியில் வெந்த கோதுமை ரவைமேல் காயும் இறைச்சியும். இதைத் தின்று தின்றே மாசத்துக்கு மாசம் நேரத்தைக் குறைத்துக்கொண்டு வந்தாள். கன்னத்தில் ரத்தம் ஏறியது.

"இதை நான் சாகற வரைக்கும் சாப்பிடுவேன்க்கா, சலிக்கவே சலிக்காது" என்று ஒரு நாள் சொன்னாள்.

ஜனவரிப் பனியோடு பனியாகக் குழு வந்து இறங்கியது. விளையாட்டு வீரர்களுக்கான நிலைத்த ஆரோக்கிய உணவைத் தேர்ந்தெடுக்கும் தேசியக் குழு. தலைவர் ஸீ தௌஃபீக் லக்ரிஸி; ஸீ என்றால் எங்கள் ஊரில் ஐயா. அவர் இதற்கு முன் குதிரைப் பந்தயக் குழுவுக்கும், அதற்கு முன் ஒட்டகப் பால் குழுவுக்கும் தலைவராக இருந்தவர். குதிரையும் இல்லை, பாலும் இல்லை, தலைவர் மட்டும் இருந்தார். அறிவியல் ஆலோசகர் மதாம் கிஸ்லான். வெளிநாட்டில் படித்தவர். எதைப் பார்த்தாலும் அதில் எத்தனை கலோரி என்று முதலில் கேட்பார். ஒரு தரம் தேவதாரு மரத்தைப் பார்த்தும் கேட்டார்.

எங்களைப் பனியில் வரிசையாக நிற்க வைத்து ஸீ தௌஃபீக் பேசினார்.

"நிலைத்த உணவுன்னா என்ன? நிலைச்சு நிக்கறது. நான் பதினெட்டு வருஷமா தலைவரா நிலைச்சு நிக்கறேன். எத்தனை அமைச்சருங்க வந்தாங்க, போனாங்க! நான் போனேனா? அதனால நிலைச்சு நிக்கறது எப்படின்னு இந்த நாட்டுல என்னைவிடத் தெரிஞ்சவன் எவனும் இல்லை. என்னைப் பாருங்க. இதுதான் உங்க பாடம்."

பார்த்தோம். அவருடைய கோட்டின் பொத்தான் வயிற்றைப் பிடித்து வைக்க மிகவும் சிரமப்பட்டுக்கொண்டிருந்தது.

சரியான உணவைத் தேர்ந்தெடுக்க நாளாகும் என்றும், அதுவரைக்கும் இடைக்கால உணவு என்றும் மதாம் அறிவித்தார். இடைக்கால உணவு என்றால் இரண்டு கரண்டி கினுவா தானியம், செய்தித்தாளின் மேல் வைத்தால் எழுத்து தெரிகிற அளவுக்கு ஒரு சால்மன் துண்டு, ஒரு கைப்பிடி ப்ளூபெர்ரி. கினுவா பொலிவியாவிலிருந்து வந்தது, மீன் நார்வேயிலிருந்து. மத்தி மீன் எங்கள் கடலில் கூடை கூடையாக ஏறுகிறது. அதற்குப் பாஸ்போர்ட் இல்லாததால் சேர்க்கவில்லை.

தட்டைப் படம் எடுத்துச் செயலியில் அனுப்பிவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும் என்று அடுத்த உத்தரவு. முதல் நாளே இட்டோ சமையலறையில் கெஞ்சிக் கூத்தாடிக் கொஞ்சம் பிஸாரா வாங்கி, சட்டப்படி படம் எடுத்து அனுப்பினாள். செயலி யோசித்தது. பிறகு, இது உணவு அல்ல, சுவர்ப்பூச்சு என்று பதில் சொன்னது.

மதாம் ஓடி வந்தார். "செயலிக்கே தெரியாத ஒண்ணை நீ எப்படிம்மா சாப்பிட்டே?"

"கரண்டியால, மதாம்."

"கிண்டலா?"

அவள் கிண்டல் பண்ணவில்லை. அவளுக்குக் கிண்டல் தெரியாது, அதுதான் அவளுடைய கஷ்டமே. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற வியாதி அவளுக்கு. அன்றைக்கு அவள் கணக்கில் காலை உணவு பூஜ்யம் என்றும், பயிற்சி நேரத்தில் சுவரைச் சுரண்டித் தின்றதாகச் சந்தேகம் என்றும் பதிவானது. பிஸாரா சமையலறையை விட்டு ஒழிந்தது. பின்னாலேயே பார்லி ரொட்டியும் போனது.

ப்ளூபெர்ரி விஷயம்தான் எனக்கு வயிற்றெரிச்சல். பெட்டியின் மேல் பெர்பினியான் என்று பிரான்ஸ் நாட்டு முத்திரை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், விளைந்த இடம் மொரோக்கோ. இட்டோவின் அக்கா தூடா மௌலே பூஸல்ஹாம் பக்கம் இதே பழத் தோட்டத்தில் கூலிக்குப் பறிக்கிறாள்.

"அக்கா, இது எங்க தூடா பறிச்சதா இருக்குமோ?" என்று இட்டோ பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதோடு விட்டாளா? நேரே மதாமிடம் போய், "மதாம், தோட்டம் இங்கருந்து அரை நாள் வழி. லாரில ஏத்துனா சாயங்காலமே வந்துடுமே. எதுக்குக் கடல் தாண்டிப் போய்ட்டு வருது?" என்று கேட்டாள்.

"இங்கேயே இருந்தா அது வெறும் பழம்மா. வெளிநாடு போய்ட்டு வந்தாத்தான் ஊட்டச்சத்து."

"அப்போ நாங்களும் வெளிநாடு போய்ட்டு வரணுமா மதாம்?"

"அதுக்குத்தானே தேர்வு ஓட்டம்!" மதாமுக்கு அவள்மேல் நிஜமாகவே பரிதாபம் வந்துவிட்டது.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

குழு வெள்ளிக்கிழமைகளில்தான் முழுசாகக் கூடும். மற்ற நாட்களில் இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு இருபத்திரண்டு பேரும் ஆஜர். கதவைச் சாத்திக்கொள்வார்கள். கதவில் ஒரு பலகை தொங்கும்: குஸ்குஸின் தீமைகள் பற்றிய நேரடி ஆய்வு, உள்ளே வரக் கூடாது. ஆட்டிறைச்சியும் பூசணியும் வெந்த ஆவி கதவிடுக்கு வழியாக வெளியே வரும். நாங்கள் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து கினுவாவைப் படம் எடுத்துக்கொண்டிருப்போம்.

ஆய்வு முடிந்து ஸீ தௌஃபீக் பல்லைக் குத்திக்கொண்டே வெளியே வருவார்.

"இன்னைக்கு ரொம்பக் கடுமையான ஆய்வு. ஏழு காய். இறைச்சி வேற எலும்பைவிட்டுக் கழண்டு விழுது. இதெல்லாம் ஓட்டக்காரன் உடம்புக்கு விஷம்னு இன்னைக்கும் நிரூபணமாச்சு. உங்களுக்காகத்தான் இந்த உடம்பு இத்தனையும் தாங்குது. நன்றி வேண்டாம்."

நாங்கள் நன்றி சொல்லவில்லை. எங்கள் பயிற்சியாளர் மட்டும் சொன்னார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

பிப்ரவரிக்குள் இட்டோவின் கன்னம் பழையபடி ஒட்டிப்போயிற்று. மேட்டில் ஏறும்போது நின்று நின்று மூச்சு வாங்கினாள். "தல சுத்துதுக்கா, போன வருஷம் மாதிரியே" என்றாள். மதாமிடம் போனால், செயலிப்படி அவளுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது. தலைசுற்றலைப் படம் எடுத்து அனுப்ப வழியில்லை.

எங்கள் ஊர் வழக்கத்தில் வெள்ளிக்கிழமை குஸ்குஸ் ஆக்கினால் வாசல்காவல்காரனுக்கு ஒரு தட்டு போயே ஆக வேண்டும். ஆய்வுக் குஸ்குஸ் ஆனாலும் ஆக்குகிறவள் நம்மூர்க்காரிதானே. காவல்காரர் பா ஹம்முவுக்குத் தட்டு போயிற்று. காட்டுப் பாதையில் ஓடி முடித்து இட்டோ வாசல் வழியாக வந்தாள்.

"ஏம்மா, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு? வா, உக்காரு, பிஸ்மில்லா சொல்லு" என்று கிழவர் தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

உட்கார்ந்தாள். தின்றாள். அவ்வளவுதான் குற்றம். சாயங்காலம் எடை பார்க்க நின்றபோது அவளுடைய சட்டைக் கையில் ஒரே ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்ததை மதாம் பார்த்துவிட்டார். இடுக்கியால் எடுத்து, உறையில் போட்டு, முத்திரை வைத்து, அடுத்த வெள்ளிக்கிழமைக்கு விசாரணை என்று சொல்லிவிட்டார். எல்லாரும் வருகிற நாள் அது ஒன்றுதான்.

அறைத்தோழி என்ற முறையில் என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். தாழ்வான வட்ட மேசைகள். ஒவ்வொன்றிலும் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு தட்டு. நடு மேசையில் ஸீ தௌஃபீக், பக்கத்தில் மதாம். தட்டுக்கும் மோர்ச் செம்புக்கும் நடுவில், சாட்சிப் பொருளாக, அந்த உறை.

"குஸ்குஸ் சாப்பிட்டது உண்மையா?" வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு ஸீ தௌஃபீக் கேட்டார்.

"உண்மைதான், ஸீ தௌஃபீக்."

"எங்கருந்து கிடைச்சுது?"

இட்டோ தட்டைக் காட்டினாள். "இங்கருந்துதான். இதுல மிச்சமானது."

இருபத்திரண்டு பேரின் கையும் ஒரு நொடி நின்றது. பிறகு மூலையிலிருந்து ஒரு உறுப்பினர் கத்தினார். "ஆய்வுப் பொருளைத் திருடியிருக்கா! இது வெறும் சாப்பாட்டு விஷயமில்லை, இது ரகசியத்தை வெளியிட்டது!"

குற்றம் இரண்டாயிற்று. யாரோ எழுதிக்கொண்டார்கள். கைகள் மறுபடி தட்டுக்குப் போயின. அப்போதுதான் ஸீ தௌஃபீக் நிமிர்ந்து, தட்டுக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். அதுவரை பார்த்தது குற்றவாளியை; இப்போது பார்த்தது சாப்பாட்டு வேளைக்கு வந்து நிற்கிறவளை. முகம் அப்படியே மாறிவிட்டது.

"அட, நின்னுக்கிட்டே இருக்கியேம்மா. உக்காரு, சாப்பிடு."

"வேண்டாம் ஸீ தௌஃபீக்... விசாரணை..."

"விசாரணை எங்க போகப்போகுது? வெள்ளிக்கிழமையும் அதுவுமா தட்டு முன்னால வந்து நின்னுட்டு வேண்டாம்கறியே, எந்த ஊர்ப் பழக்கம் இது? எங்களை அவமானப்படுத்தறியா? உங்கம்மா உனக்கு இதையா சொல்லிக் குடுத்தா?"

இட்டோ என்னைப் பார்த்தாள். நீட்டின தட்டை மறுத்தால் பெத்தவளையே குறை சொல்வார்கள், மலையில் பிறந்தவளுக்கு அதைவிடப் பெரிய பழி இல்லை. உட்கார்ந்தாள். ஸீ தௌஃபீக் தன் கையாலேயே இறைச்சியைப் பிய்த்து அவள் பக்கம் தள்ளினார். "சாப்பிடும்மா, எலும்பும் தோலுமா இருக்கே. இந்தா, பூசணி. இது நல்லா வெந்திருக்கு." மதாம் மோர் ஊற்றிக் கொடுத்தார். எனக்கும் இடம் ஒதுக்கினார்கள். நான் குஸ்குஸை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தேன். அவள் தின்றாள். ஆறு வாரப் பசி. பார்க்கவே பாவமாக இருந்தது. முடித்துவிட்டு அல்ஹம்துலில்லா என்றாள்.

ஸீ தௌஃபீக் கை துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே சொன்னார். "எழுதிக்கோங்க. ரெண்டாவது தடவை. இந்த முறை குழுவோட கண்ணு முன்னாலேயே."

இட்டோவுக்குப் புரியவே இல்லை. "நீங்கதானே சாப்பிடச் சொன்னீங்க?"

"சொன்னவன் தௌஃபீக். வீட்டுக்கு வந்தவங்களைப் பட்டினி போடற வம்சத்துல அவன் பிறக்கலை. தண்டனை குடுக்கறவர் தலைவர். அவர் வேற ஆளு. ரெண்டு பேரையும் போட்டுக் குழப்பிக்காதம்மா."

தேர்வு வரைக்கும் சுத்திகரிப்பு உணவு என்று தீர்ப்பு. பீட்ரூட் சாறும் இலை தழையும். பா ஹம்முவின் வெள்ளிக்கிழமைத் தட்டு ரத்து. எங்களோடு வந்திருந்த பயிற்சியாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தேர்வுக்குப் பத்தே நாள்தான் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார்.

"ஓட்டம் இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். உணவுத் திட்டம் நிலைச்சு நிக்கணும்" என்று ஸீ தௌஃபீக் ஏப்பம் விட்டார்.

நான் அஸ்ரூ கடைத்தெருவுக்குப் போய் ரொட்டியும் அவித்த முட்டையும் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தேன். இட்டோ தொடவில்லை. "மூணாவது தடவை மாட்டினா ஓடவே விடமாட்டாங்கக்கா. பசியோடயாவது ஓடிடறேன்" என்றாள். அந்த முட்டையை நான் தின்றேன். தின்னும்போது அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தக் குழுவில் ஒருத்தனுக்காவது நல்ல சாவு வரக் கூடாது என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

ரபாத்தில் நல்ல வெயில். இட்டோ தொடக்கத்திலிருந்தே முன்னால் ஓடினாள். கடைசிக்கு முந்தின சுற்று வரைக்கும் அவள்தான் முதல். அப்புறம் கால் அவள் சொல்வதைக் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டினார்கள். விழுந்துவிடுவாள் என்று நான் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். விழவில்லை. நடந்தாள். நடந்தே கோட்டைத் தாண்டி, ஆறாவதாக வந்தாள். என்னிடம் வந்து, "மயங்கலைக்கா, பாத்தியா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆற்றாமைதான்.

முதலாவதாக வந்தவள் ஸஃபி ஊர்ப் பெண். எங்கள் முகாமே இல்லை. அன்று விடியலில் மைதானத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் நின்று இரண்டு கிண்ணம் பிஸாரா குடித்ததை என் கண்ணால் பார்த்தேன். அவள் கழுத்தில் பதக்கம் விழுந்த மறு நிமிஷமே மதாம் அவள் கையில் ஒரு கிண்ணம் ப்ளூபெர்ரியைத் திணித்துப் படம் எடுத்தார். அந்தப் படம் இப்போது எங்கள் முகாம் வாசலில் மூன்று ஆள் உயரத்துக்கு நிற்கிறது: நிலைத்த உணவின் வெற்றி. பாவம், அந்தப் பெண் பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழிக்கிறாள்.

இட்டோ பையைக் கட்டினாள். ஊருக்குப் போய் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்று, நேரே அக்காவிடம் போய்விட்டாள். ஏப்ரலில் கூப்பிட்டாள்.

"அக்கா, பழம் வருதா அங்க?"

"வருதுடீ."

"நல்லாருக்கா? நாந்தான் பறிக்கறேன். எங்களை ஒண்ணுகூட வாயில போட விடமாட்டாங்க."

"ஓடறியா?"

"காலைல இருட்டோட லாரி வந்துடுதுக்கா" என்றாள். வேறு பேச்சு பேசினோம்.

மே கடைசியில் குழுவின் ஆண்டு விழா. வெள்ளிக்கிழமைதான், வேறெந்த நாள்? அமைச்சகத்திலிருந்து ஆட்கள், மாலை, ஒலிபெருக்கி. நிலைத்த உணவு எது என்று இன்னும் தேர்ந்தெடுத்தபாடில்லை, ஆனால் தேர்ந்தெடுக்கும் முயற்சி நிலைத்துவிட்டது என்று ஸீ தௌஃபீக் பேசினார். பிறகு பரிசு. மார்ச்சிலிருந்து ஒரு விதிகூட மீறாத, கெட்ட உணவு எதையும் தொடாத ஓட்டக்காரியைச் செயலியே தேர்ந்தெடுத்திருக்கிறது என்று மதாம் பெருமையோடு சொல்லி, பெயரைப் படித்தார்.

"இட்டோ!"

முகாமை விட்டுத் துரத்தினார்களே தவிர, செயலியிலிருந்து நீக்க மறந்துவிட்டார்கள். இரண்டு மாதமாக அவள் படம் எதுவும் அனுப்பவில்லை. அதனால் குற்றமும் இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். யாரும் எழுந்து வரவில்லை.

"எங்கம்மா அந்தப் பொண்ணு?" என்றார் ஸீ தௌஃபீக்.

நான் எழுந்தேன். "மௌலே பூஸல்ஹாம்ல கூலிக்குப் பழம் பறிக்கறா, ஸீ தௌஃபீக். நீங்க எங்களுக்குப் போடற பழம். நீங்கதான் அனுப்பி வெச்சீங்க."

சரி, இப்போதாவது உறைக்கும் என்று நினைத்தேன், முட்டாள்! ஸீ தௌஃபீக்கின் கண் பளிச்சென்றது. ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா! நம்ம திட்டம் தட்டோட நிக்கலை, தோட்டம் வரைக்கும் போயிருக்கு! தான் சாப்பிட்ட பழத்தை ஓட்டக்காரியே பறிக்கறா! நிலைத்த உணவுன்னா இதைவிட வேற என்னங்க வேணும்?"

அமைச்சகத்து ஆள் முதலில் கை தட்டினார். பிறகு எல்லாரும்.

தட்டுகள் வந்தன. ஆண்டு விழாவானதால் ஆய்வு இந்தத் தடவை கதவைத் திறந்து வைத்தே நடந்தது. ஆவி பறக்கும் குஸ்குஸின் மேல் முழு ஆட்டுத் தொடை. ஸீ தௌஃபீக் உட்கார்ந்து கையை வைத்தவர், நான் இன்னும் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். அதே முகம், அதே குரல்.

"அட, நின்னுக்கிட்டே இருக்கியேம்மா. உக்காரு, சாப்பிடு."

"வேண்டாம்."

"ஏன், வயிறு சரியில்லையா?"

"வயிறு நல்லாருக்கு, ஸீ தௌஃபீக். பசிதான். உங்க தட்டுல சாப்பிட மாட்டேன்."

எங்கள் ஊரில் ஒருத்தனைத் திருடன் என்று சொல்லலாம், தேநீர் வருவதற்குள் மறந்துவிடுவான். இந்தச் சொல்லை மட்டும் யாரும் யாரையும் பார்த்துச் சொல்வதில்லை. பக்கத்து மேசைகளில் மெல்லுகிற சத்தம் நின்றது. ஸீ தௌஃபீக்கின் முகம் சுருங்கிப்போயிற்று. பதினெட்டு வருஷத்தில் அவரை யாரும் இப்படிச் சொல்லால் அடித்ததில்லை போலும்.

"நாங்க உனக்கு என்னம்மா கெடுதல் பண்ணோம்?" என்று கேட்டார். நடிப்பில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

எனக்காகப் பிய்த்து எடுத்த இறைச்சித் துண்டு அவர் விரலிலேயே இருந்தது. அதை யார் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.